மதிப்பெண்ணும் மனித உறவும்



புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டால் போட்டி முடிந்துவிடும் என்று நாம் எண்ணுகிறோம். ஆனால், பள்ளியில் முதலிடம் பெற்றவர்களே அங்கு ஒன்றுகூடுகின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் முதலிடத்தை இழந்தே தீர வேண்டும்.

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில், உயர் தரங்கள் மலிந்துவிட்டன எனக் கருதி, இளநிலைப் பாடங்களில் 'ஏ' தரங்கள் 35 விழுக்காட்டைத் தாண்டலாகாது என 2004-இல் இலக்கு வகுத்தனர். நோக்கம் நேர்மையானதே. எனினும் மாணவர் பலர் அதனை எண்ணி வைத்த இடங்களாகவே கண்டனர். இடம் குறைவு என்ற எண்ணம் வந்துவிட்டால், அருகில் அமர்ந்திருக்கும் நண்பனும் போட்டியாளனாகத் தோன்றுவான். குறிப்பேட்டைப் பகிரவும் கை தயங்கும். மன அழுத்தம் பெருகுவதை உணர்ந்த பேராசிரியர் அவை, 2014-இல் அவ்விலக்கைக் கைவிட்டது.

எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்திலோ முதற்பருவத்தில் தேர்ச்சி மட்டுமே பதிவாகிறது. தேறாத பாடம் பதிவேட்டில் ஏறுவதில்லை. புதியவர்கள் மூச்சுவிட ஓர் இடைவெளி அது.

அத்தகைய இடைவெளியை நம் இல்லங்களும் அளிக்க வேண்டும். தொலைவில் பயிலும் பிள்ளையிடம், "உன்னைவிட அதிகம் வாங்கியவர் யார்?" என்று கேட்பதை விடுத்து, "யாருடன் சேர்ந்து படிக்கிறாய்?" என்று கேட்போம். தோற்ற நாளிலும் தயங்காமல் நம்மை அழைக்கும் துணிவு அப்பொழுதுதான் அப்பிள்ளைக்கு வரும்.