மாஸ்கோ தங்கம் மாற்றுக் குறைந்ததா?

சங்கரன்கோவிலிலிருந்து கழுகுமலை வழியாகப் போனால் கோவில்பட்டி. தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பெயர்போன அந்த ஊர் ஹாக்கிக்கும் பெயர்போனது. அங்கே மட்டை பிடித்து வளர்ந்த மாரீஸ்வரன் சக்திவேல் 2022இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினார். இவ்வளவு பக்கத்தில் ஹாக்கி இருக்கும் வட்டாரம் நம்முடையது. இருந்தும், ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியா கடைசியாகத் தங்கம் வென்றபோது அணித் தலைவராக இருந்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன் என்பதை இங்கே பெருமையாக எடுத்துச் சொல்கிறவர்கள் குறைவு. சொல்கிறவர்களும், "பெரிய அணிகள் எதுவும் வராத ஒலிம்பிக்தானே அது" என்று சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். 1980 மாஸ்கோ தங்கம் அப்படிக் கழித்துப் பார்க்க வேண்டிய ஒன்று அல்ல என்பதே என் வாதம்.

முதலில், மறுப்பாளர் பக்கத்து நியாயத்தை முழுசாகவே எடுத்து வைத்துவிடுகிறேன். 1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தன. அதைக் கண்டித்து அமெரிக்கா விடுத்த அழைப்பை ஏற்றும் வேறு காரணங்களாலும் அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் மாஸ்கோவுக்குப் போகவில்லை. பிரிட்டன், நெதர்லாந்து, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகள் வீரர்களை அனுப்பின. ஆனால் அவற்றின் ஹாக்கி அணிகள் போகவில்லை. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக் பட்டியலைப் பாருங்கள்: நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, பாகிஸ்தான், நெதர்லாந்து, மேற்கு ஜெர்மனி. இந்த முதல் ஐந்து அணிகளில் ஒன்றுகூட மாஸ்கோவில் ஆடவில்லை. வந்தவை ஆறே அணிகள். அதிலும் தான்சானியாவை இந்தியா 18-0 என்றும், கியூபாவை 13-0 என்றும் தோற்கடித்தது. இந்த இரண்டையும் போட்டி என்று சொல்ல எனக்கே மனம் வரவில்லை.

ஆகவே அந்த இரண்டையும் கணக்கிலிருந்து எடுத்துவிடுவோம். மிச்சம் நான்கு ஆட்டங்கள். போலந்துடன் 2-2. ஸ்பெயினுடன் 2-2. சோவியத் அணியுடன் 4-2. இறுதியில் மறுபடியும் ஸ்பெயினுடன் 4-3. சும்மா வந்து விழுந்த தங்கத்தின் வழித்தடம் இப்படியா இருக்கும்? லீக் சுற்றில் முதல் இரண்டு இடம் பிடிப்பவர்களுக்கே இறுதியாட்டம். இந்தியாவின் கடைசி லீக் ஆட்டம், சொந்த மண்ணில் சொந்த ரசிகர்கள் முன்னால் ஆடிய சோவியத் அணியோடு. அதில் தோற்றிருந்தால் ஸ்பெயினோடு இறுதியில் மோதியிருப்பது சோவியத் அணிதான். நாம் வெண்கலத்துக்கு ஆடிக்கொண்டிருந்திருப்போம்.

ஸ்பெயின் எப்படிப்பட்ட எதிரணி என்பதையும் பார்க்க வேண்டும். ஸ்பெயின் என்றால் நமக்குக் கால்பந்துதான் நினைவுக்கு வரும். ஆனால் 1971இல் முதல் உலகக் கோப்பை ஹாக்கியின் இறுதிவரை வந்து பாகிஸ்தானிடம் ஒரே கோலில் தோற்ற அணி அது. 1974இல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற அணி. அந்நாட்டு ஹாக்கியின் தாய்வீடு பார்சிலோனாவுக்கு அருகிலுள்ள டெராசா. நூற்பாலைகளாலும் நெசவாலும் வளர்ந்த ஊர் அது. தறிச்சத்தம் கேட்டே வளர்ந்த சங்கரன்கோவில்காரர்களுக்கு இது கேட்கப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். மாண்ட்ரியலில் ஆறாமிடம் ஸ்பெயினுக்கு, ஏழாமிடம் இந்தியாவுக்கு. ஆக, மேலே இருந்த ஐவர் வராவிட்டாலும், நமக்கு ஒரு படி மேலே நின்றவர் வந்திருந்தார். மாஸ்கோ லீக் சுற்றிலும் முதலிடம் பிடித்தது ஸ்பெயின்தான். அவர்களைத் தாண்டாமல் தங்கம் இல்லை.

1980 ஜூலை 29ஆம் தேதி நடந்த அந்த இறுதியாட்டத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். மொத்தம் 70 நிமிட ஆட்டம். இன்றுபோல நினைத்தபோதெல்லாம் ஆளை மாற்றி மூச்சு வாங்கவிடும் வசதி அன்று இல்லை. சுரிந்தர் சிங் சோதி இரண்டு கோல் போட்டார். மூன்றாவதை மகாராஜ் கிருஷண் கௌசிக் போட்டார். 3-0. இனி முடிந்தது என்று எவரும் நினைத்திருக்கக்கூடிய நேரத்தில் ஸ்பெயினின் ஹுவான் அமாத் அடுத்தடுத்து இரண்டு கோல் போட்டுவிட்டார். வாரணாசியிலிருந்து வந்த இருபது வயது முகமது ஷாகித் நான்காவது கோலைப் போட்டு மூச்சுவிட வைத்தார். அமாத் விடவில்லை. தன் மூன்றாவது கோலையும் போட்டார். 4-3. மீதி நிமிடங்களில் பெனால்டி கார்னர் என்ற சொல்லே வயிற்றைக் கலக்கும். எல்லைக் கோட்டிலிருந்து ஒருவர் பந்தைத் தள்ள, வட்டத்தின் விளிம்பில் ஒருவர் அதை நிறுத்த, இன்னொருவர் கோலை நோக்கி ஓங்கி அடிக்க, எல்லாம் ஓரிரு நொடிகளில் முடிந்துவிடும். அதற்குள் கோல் கோட்டிலிருந்து பாய்ந்து வந்து அடிக்கிறவர் முன்னால் உடம்பைக் கொடுத்து நிற்க வேண்டும். அந்த நிமிடங்களைத் தாங்கியது பாஸ்கரனின் அணி. அதில் பெரும்பாலோருக்கு அதுதான் முதல் ஒலிம்பிக். ஆடியது செயற்கைப் புல்தரையில். மாண்ட்ரியலில் நம்மை ஏழாமிடத்துக்குத் தள்ளியதில் அந்தத் தரைக்குப் பெரிய பங்கு உண்டு என்று அன்று எல்லோரும் சொன்னார்கள். நாட்டுக்குள் பயிற்சி எடுக்க அப்படியொரு தரை கிடைப்பதே அபூர்வமாக இருந்த காலம் அது.

சரி, வராதவர்களை வைத்துப் பதக்கத்தின் மாற்றைக் குறைப்பதுதான் முறை என்றால், அதை எல்லாப் பதக்கத்துக்கும் பொதுவாக வைக்க வேண்டும். 1932இல் லாஸ் ஏஞ்சலஸில் தியான் சந்த் ஆடிய அணி தங்கம் வென்றது. அன்று ஹாக்கியில் கலந்துகொண்டவை மொத்தமே மூன்று அணிகள்: இந்தியா, ஜப்பான், அமெரிக்கா. ஜப்பானை 11-1, அமெரிக்காவை 24-1 என்று வென்று தங்கத்தை எடுத்து வந்தோம். 1920இல் ஒலிம்பிக் ஹாக்கித் தங்கம் வென்ற பிரிட்டன், 1928, 1932, 1936 ஆகிய மூன்றிலும் ஹாக்கி அணியை அனுப்பவே இல்லை. அதற்காகத் தியான் சந்த்தின் தங்கங்களை யாராவது கழித்துப் பேசுகிறோமா? பேசக் கூடாது, பேசுவதும் இல்லை. சோதிக்கும் ஷாகித்துக்கும் மட்டும் வேறு தராசு எதற்கு?

அதே 1980, பிப்ரவரி 22. அமெரிக்காவின் லேக் பிளாசிட் குளிர்கால ஒலிம்பிக்கில், பனிக்கட்டித் தளத்தில் ஆடும் ஐஸ் ஹாக்கியில், கல்லூரி மாணவர்கள் நிறைந்த அமெரிக்க அணி, அசைக்க முடியாதது என்று பேர்பெற்ற சோவியத் அணியை வென்றது. கோல் கணக்கு அங்கும் 4-3. அது இறுதியாட்டம்கூட இல்லை. பிறகு பின்லாந்தை 4-2 என்று வென்றபின்தான் தங்கம் உறுதியானது. ஆனாலும் அந்த ஓர் ஆட்டத்தைச் சினிமாவாக எடுத்தார்கள், பாடமாகச் சொல்கிறார்கள், பேரப்பிள்ளைகள்வரை கொண்டுசேர்த்திருக்கிறார்கள். ஐந்தே மாதம் கழித்து அதே கோல் கணக்கில் நாம் வென்ற ஒலிம்பிக் இறுதியாட்டம் நம் வீடுகளில் அப்படிச் சொல்லப்படவில்லை.

இங்கே இன்னொரு மறுப்பு வரும், அது நேர்மையானது. 1982இல் பம்பாய் உலகக் கோப்பையில் இந்தியா ஐந்தாமிடம். அதே ஆண்டு டெல்லி ஆசிய விளையாட்டு இறுதியில் பாகிஸ்தானிடம் 7-1 என்று தோல்வி. 1984 ஒலிம்பிக்கில் மறுபடி ஐந்தாமிடம், தங்கம் பாகிஸ்தானுக்கு. இதிலிருந்து என்ன தெரிகிறது? 1980இல் உலகிலேயே வலிமையான ஹாக்கி அணி இந்தியா அல்ல. இதை நான் தயங்காமல் ஒத்துக்கொள்கிறேன். பாகிஸ்தான் மாஸ்கோவுக்கு வந்திருந்தால் கதை வேறாகியிருக்கலாம். ஆனால் உலகின் வலிமையான அணி எது என்பது ஒரு கேள்வி, ஒரு பட்டத்தை வென்றது எது என்பது வேறொரு கேள்வி. களத்துக்கு வந்தவரை வெல்வதைத் தவிர, ஆட்டக்காரர் செய்யக்கூடியது எதுவும் இல்லை. வராமலிருக்கும் முடிவுகளை எடுத்தவர்கள் அரசுகளும் விளையாட்டு அமைப்புகளும். அதற்கான கழிவைப் பதினாறு இளைஞர்களின் கணக்கில் எழுதுவது அநியாயம்.

அந்தத் தங்கம் மங்கிப்போனதற்கு உண்மையான காரணம் வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. 1980இல் நம் தென்மாவட்டங்களில் தொலைக்காட்சி கிடையாது. மாஸ்கோ வெற்றி நமக்கு வானொலிக் குரலாகவும் மறுநாள் பத்திரிகை எழுத்தாகவும்தான் வந்தது. 1982இல் ஆசிய விளையாட்டோடு வண்ணத் தொலைக்காட்சி வந்தபோது, நாடு கண்ணால் பார்த்த பெரிய ஹாக்கி ஆட்டம் அந்த 7-1 தோல்வி. அடுத்த ஆண்டு லார்ட்ஸில் 183 ரன்னை வைத்துக்கொண்டு மேற்கிந்தியத் தீவுகளை வென்று கபில்தேவ் தூக்கிய கோப்பையும் படமாகவே மனதில் தங்கியது. கேட்ட வெற்றியைப் பார்த்த தோல்வி மூடிவிட்டது. பாகிஸ்தான் வரவில்லை, ஜெர்மனி வரவில்லை என்கிற காரணமெல்லாம், ஏற்கெனவே மறந்துபோன ஒன்றுக்குப் பின்னால் தேடிக் கண்டுபிடித்த சமாதானம்.

மாஸ்கோவுக்குப் பிறகு ஒலிம்பிக் ஹாக்கியில் அடுத்த பதக்கத்துக்கு 41 ஆண்டுகள் காத்திருந்தோம். 2021இல் டோக்கியோவில் ஜெர்மனியை 5-4 என்று வென்று வெண்கலம். 2024இல் பாரிஸில் மறுபடி வெண்கலம், அங்கே தோற்ற அணி அதே ஸ்பெயின், 2-1. தங்கம் இன்னும் வரவில்லை. இன்று கோவில்பட்டிப் பையன்கள் பழகுவதற்குச் செயற்கைப் புல்தரை இருக்கிறது. 2025இல் ஜூனியர் உலகக் கோப்பை ஆட்டங்கள் மதுரை வரைக்கும் வந்துவிட்டன. அந்தப் பையன்களுக்குப் பயிற்சியாளர்கள் பாஸ்கரனின் அணியைப் பற்றிச் சொல்லும்போது, 3-0 எப்படி 3-2 ஆனது, ஷாகித் எப்போது நான்காவது கோல் போட்டார், கடைசி நிமிடங்களில் நம் தடுப்பு எப்படி நின்றது என்பதைச் சொல்லட்டும். யார் யார் வரவில்லை என்பதை அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.