பாதியில் விட்டுவந்த படைப்பயிற்சி

(வெள்ளி விழா அரங்கில் ஆற்றிய உரை)

 

விழா மேடைகளில் வென்றவர்களைப் பேசச் சொல்வதே வழக்கம். இன்று காலை முதல் பேசியவர்கள் பட்டம் பெற்ற வரலாற்றையும் பதவி பெற்ற வரலாற்றையும் கூறினார்கள். எங்களிடம் கழகச் செயலாளர் கேட்டது வேறு. "பட்டாளத்திற்குப் போய்ப் பாதியில் திரும்பினீர்களே, அதைச் சொல்லுங்கள், பிள்ளைகள் கேட்கட்டும்" என்றார். 'எங்களிடம்' என்று பன்மையில் கூறுவதற்குக் காரணம் உண்டு. அன்று சென்றவர்கள் இருவர், திரும்பியவர்களும் இருவர். மற்றவர் மூன்றாண்டுகளுக்கு முன் மறைந்துவிட்டார். அவர் பங்கையும் சேர்த்தே இங்குப் பேசுகிறோம்.

1979ஆம் ஆண்டு ஆட்சேர்ப்பு முகாமில் நாங்கள் தேர்வானோம். எங்கள் சேரியிலிருந்து படைக்குத் தேர்வான முதல் இருவர் நாங்களே. தெருவினர் காலணா அரையணாவாகச் சேர்த்ததுபோல் சிறுகச் சிறுகப் பணம் திரட்டி, ஆளுக்கொரு டிரங்குப் பெட்டி வாங்கித் தந்தார்கள். மாலையிட்டுப் பேருந்து நிறுத்தம் வரை மேளத்தோடு வந்தார்கள். அந்த மேளம் பெரிய தெரு வழியாகச் சென்றது. அதுவரை அத்தெருவில் நம்மவர் மேளம் கொட்டியது அவர்கள் வீட்டுச் சாவுக்கு மட்டுமே.

பயிற்சி நிலையத்தில் விடியுமுன் எழ வேண்டும். நாள்தோறும் முகச்சவரம் செய்ய வேண்டும். கம்பளியை விளிம்பு பிசகாமல் மடிக்க வேண்டும். கட்டளைகள் எல்லாம் இந்தியில். 'சாவ்தான்' என்றால் நிமிர்ந்து நிற்பது, 'விஸ்ராம்' என்றால் தளர்ந்து நிற்பது என்பதைக் கற்பதற்குள் கால்கள் வீங்கிவிட்டன. இடம், வலம் மாறித் திரும்பியதற்காக மைதானத்தைச் சுற்றி ஓடிய ஓட்டங்களுக்குக் கணக்கில்லை. எம் நண்பருக்குக் கணுக்காலுக்கு மேல் எலும்பு வலி. எங்களுக்கோ இரவில் தூக்கம் வராத வலி.

ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். கட்டில்கள் எண் வரிசையில் போடப்பட்டிருந்தன. பக்கத்துக் கட்டிலில் எங்கள் வட்டத்தையே சேர்ந்த, நிலபுலமுள்ள சாதிப் பையன் ஒருவன். லங்கரில் ஒரே வரிசையில் தட்டேந்தி நின்றோம். தன் மக்கு உடைந்த நாளில் அவன் எங்கள் மக்கை எடுத்துத் தேநீர் குடித்தான். கேட்கக்கூட இல்லை. படையில் சாதியே இல்லை என்று நாங்கள் கூற வரவில்லை. சாதியின் பெயராலும் இனத்தின் பெயராலும் அமைந்த படைப்பிரிவுகள் இன்றும் உண்டு. ஆனால் அந்தக் கூடத்தில், அந்த மக்கில், அது இல்லை. அப்போது அதன் விலை எங்களுக்குத் தெரியவில்லை.

பதினோராவது வாரம் வீட்டிலிருந்து இன்லண்டு கடிதம் வந்தது. தாயாருக்கு உடல்நலமில்லை, வந்து முகம் காட்டிவிட்டுப் போகவும் என்றிருந்தது. அன்றிரவு துணி துவைக்கும் மேடையில் அமர்ந்து இருவரும் முடிவு செய்தோம். உறுதிமொழி எடுக்கும் கசம் பரேடுக்கு முன் ரிக்ரூட்டு ஒருவர் விலகக் கேட்பதற்கு விதியில் இடம் இருந்தது. மனு ஒரு பக்கம்கூட வரவில்லை. சுபேதார் தமிழர். மூன்று முறை கூப்பிட்டுக் கேட்டார். "பத்து நாள் பொறுங்கடா, கால் வலியும் போகும், வீட்டு நினைப்பும் போகும்" என்றார். நாங்கள் பொறுக்கவில்லை. ரயில் வாரண்டு கிடைத்தது, வந்துவிட்டோம். தாயாருக்கு வந்திருந்தது சாதாரணக் காய்ச்சல். நாங்கள் வருவதற்குள் எழுந்து நாற்று நடப் போயிருந்தார்.

ஊருக்குள் நுழைந்த அன்று நடந்ததை எம் நண்பர் சாகும்வரை மறக்கவில்லை. தேநீர்க் கடையில் நமக்கென்று வெளியே கவிழ்த்து வைத்திருந்த குவளையைத் தாமே எடுத்துக் கழுவி நீட்டினார். பதினோரு வாரங்களுக்குப் பிறகும் கை தானாகவே அதற்குப் போயிற்று. அப்போது திண்ணையில் இருந்த மிராசுதார் ஒருவர் சிரித்துக்கொண்டே, "உங்களுக்கெல்லாம் துப்பாக்கி ஒத்துவருமா?" என்றார். எங்களிடம் விடையில்லை.

அந்தக் கேள்வி பழைய கேள்வி என்பதைப் பிற்காலத்தில், நம் கழக நூலகத்தில் படித்தபோதுதான் அறிந்தோம். 1880களின் முற்பகுதியில் சென்னைப் படைக்குத் தளபதியாக இருந்து, 1885 முதல் இந்தியப் படை முழுமைக்கும் தலைமை தாங்கியவர் ராபர்ட்ஸ். தென்னாட்டார் போருக்கு ஏற்றவர் அல்லர் என்பது அவர் கொள்கை. 1897இல் வெளிவந்த தம் வரலாற்று நூலிலும் அதை எழுதினார். சென்னைக் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டன. நம் மக்கள் கணிசமாக இருந்த, பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட சாப்பர்ஸ் படை நிலைத்தது. மராட்டியத்தில் 1890களில் மகார் மக்களைச் சேர்ப்பதே நிறுத்தப்பட்டது. முன்னாள் படைவீரரான கோபால் பாபா வலங்கர் 1894இல் அதை எதிர்த்து மனு எழுதினார். முதல் உலகப் போரில் மகார் படை ஒன்றை எழுப்பிப் போர் முடிந்தபின் கலைத்தார்கள். டாக்டர் அம்பேத்கரின் முயற்சியும் சேர, 1941 அக்டோபரில்தான் பெல்காமில் மகார் ரெஜிமென்ட் உருவாயிற்று. ஏறத்தாழ ஐம்பதாண்டுகள், உள்ளே விடுங்கள் என்று மனு எழுதினார்கள். வெளியே விடுங்கள் என்று நாங்கள் எழுதியது ஒரே இரவில்.

அண்ணலின் தந்தையார் படைப்பள்ளியில் ஆசிரியராக இருந்த சுபேதார் என்பதும், அண்ணல் 1891இல் பிறந்த இடம் மௌ படைமுகாம் என்பதும் நீங்கள் அறிந்தவை. அண்ணலும் 1913இல் பரோடா சமஸ்தானப் படையில் லெப்டினன்டாகச் சேர்ந்து, சில நாட்களிலேயே தந்தையாரின் நோய்ச் செய்தி கேட்டுத் திரும்பியவரே. எங்களைப் போலவே வீட்டுச் செய்தி கேட்டு வந்தவர்! இதைச் சொல்லி எங்களுக்கு நாங்களே ஆறுதல் கூறிக்கொண்ட காலம் உண்டு. அது பொய்யான ஆறுதல். அவர் தந்தை அந்தப் பிப்ரவரியிலேயே இறந்தார். அதே ஆண்டில் அவர் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர். நாங்கள் அதே ஆண்டில் செங்கல் சூளையில் இருந்தோம்.

சம்பளம் போயிற்று என்பதில் எங்களுக்குப் பெரிய வருத்தம் இல்லை. அன்றைய விதிப்படி பதினைந்தாண்டுகள் பணி முடித்திருந்தால் ஓய்வூதியம் உண்டு. 1994இல், முப்பத்து நான்கு வயதில் அது எங்கள் கைக்கு வந்திருக்கும். எம் நண்பர் மறைந்தபின் அவர் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் வந்திருக்கும். அந்த அம்மையார் இன்றும் களை எடுக்கப் போகிறார். இதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது. இதனினும் கனமானது ஒன்று உண்டு. எங்களுக்குப் பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் எங்கள் தெருவிலிருந்து ஒருவரும் ஆட்சேர்ப்பு முகாமின் பக்கம் போகவில்லை. "அவர்களே ஓடி வந்துவிட்டார்கள்" என்பதே பெற்றோர் வாயில் இருந்த சொல். இருவர் எடுத்த முடிவு ஒரு தெருவின் முடிவாகும் என்று அந்தத் துவைக்கும் மேடையில் எங்களுக்குத் தோன்றவில்லை.

பக்கத்துக் கட்டில்காரரை 1996இல் தாலுகா அலுவலகத்தில் கண்டோம். ஓய்வூதியக் காகிதங்களோடு நின்றிருந்தார். ஓடி வந்து தோளில் கைபோட்டார். "ஏன்டா போனீங்க?" என்றார். மூவரும் ஒரே பெஞ்சில் அமர்ந்து தேநீர் குடித்தோம். பிரியும்போது, "ஊருக்கு வாங்கன்னு கூப்பிட முடியல, தப்பா நினைக்காதீங்க" என்று தலைகுனிந்தார். படை கற்பித்தது ஊர் எல்லை வரைதான் அவரோடு வந்தது போலும். ஆனாலும் அவர் தலைகுனிந்தார். அது எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

இளைஞர்களே, இன்று நிலைமை மாறியுள்ளது. 2022இல் வந்த அக்னிபாத் திட்டம் நான்காண்டுப் பணியையே தருகிறது. பயிற்சியும் அதனுள் அடக்கம். நால்வரில் ஒருவரை மட்டுமே நிலையாக வைத்துக்கொள்வது என்று அப்போது வகுத்தார்கள். மற்றவர்க்கு ஏறத்தாழ 11.7 லட்சம் ரூபாய்த் தொகை உண்டு, ஓய்வூதியம் இல்லை. ஆகவே நாங்கள் இழந்தது இன்று சேருகிற எல்லார்க்கும் காத்திருக்கிறது என்று சொன்னால் அது ஏமாற்று. சேர்வதா வேண்டாமா என்பதைக் கணக்குப் பார்த்து முடிவு செய்யுங்கள். கணக்கைப் புறப்படுமுன் பாருங்கள், பதினோராவது வாரத்தில் பார்க்க வேண்டாம்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. சென்ற மாதம் நம் தெருத் தாய் ஒருவர் எங்களிடம் வந்தார். மகன் பயிற்சியில் இருக்கிறான், தொலைபேசியில் அழுகிறானாம். அவனை விடுவிக்க ஒரு மனு எழுதித் தரவேண்டும் என்றார். இன்றைய விதியில் இடையில் விலகுவது எளிதன்று என்பதை விளக்கினோம். அதற்காக அன்று, மனு எழுதாமல் இல்லை. எங்கள் கைக்கு அது வரவில்லை. அவனோடு பேசினோம். கால் வலி என்றான், இந்தி புரியவில்லை என்றான், அம்மா நினைப்பு என்றான். சுபேதார் எங்களிடம் சொன்ன அதே சொற்களை நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு அவனிடம் சொன்னோம். அவன் சிரித்தான்.

அவனுக்கு இது ஒன்பதாவது வாரம். ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்குக் கழக அலுவலகத் தொலைபேசியில் அழைக்கிறான். வரும் ஞாயிறும் நாங்கள் அங்கே இருப்போம். அவனோடு படித்த பிள்ளைகள் இந்த அரங்கில் இருந்தால், வந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டுச் செல்லுங்கள்.