தினம் ஒரு ரூபாய்



இன்று நாம் சேமிப்பைப் பற்றிப் பேசப்போகிறோம். "வருவது வாய்க்கும் வயிற்றுக்குமே சரியாக இருக்கிறது. இதில் சேமிப்பது எப்படி?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதனால் அறிவுரையை ஒதுக்கி வைப்போம். கையில் காசு இல்லாத பெண்கள் ஒரு வங்கியே தொடங்கிய கதையைச் சொல்கிறேன். இது கற்பனை இல்லை. நம் நாட்டில் நடந்த கதை.

குஜராத் மாநிலத்தில் அகமதாபாத் என்ற பெரிய நகரம் இருக்கிறது. துணி ஆலைகளுக்குப் பேர்போன ஊர். அங்கே ஆயிரக்கணக்கான பெண்கள் கூலி வேலையும் சிறு வியாபாரமும் செய்தார்கள். சிலர் காய்கறி விற்றார்கள். சிலர் பழைய துணி விற்றார்கள். சிலர் தலைச்சுமை தூக்கினார்கள். சிலர் கைவண்டி இழுத்தார்கள். விடிந்தது முதல் பொழுது சாயும் வரை உழைத்தார்கள். ஆனாலும் கையில் காசு நிற்கவில்லை. ஏன்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். காய்கறி விற்கும் ஒரு பெண் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காலையில் சரக்கு எடுக்க அவரிடம் முதல் இல்லை. வட்டிக்காரரிடம் 50 ரூபாய் கடன் வாங்குகிறார். மாலையில் 55 ரூபாய் திருப்பிக் கொடுக்கிறார். மறுநாள் காலையில் மறுபடியும் கடன். ஒரு நாள் வட்டி 5 ரூபாய்தான். ஆனால் அது தினமும் போகிறது. 10 நாளில் 50 ரூபாய் வட்டியாகவே போய்விடும். 11ஆம் நாள் காலையிலும் அவர் கையில் முதல் இல்லை.

பார்த்தீர்களா? சிறிய தொகைதான். தினமும் போனால் குடும்பத்தையே சாய்த்துவிடும். அதே சிறிய தொகை தினமும் சேர்ந்தால் என்ன ஆகும்?

அந்தப் பெண்களுக்காக 1972ஆம் ஆண்டு ஒரு சங்கம் தொடங்கியது. அதன் பெயர் சேவா. சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கம் அது. அதைத் தொடங்கியவர் இலா பட் என்ற வழக்கறிஞர். உறுப்பினர்களை வட்டியிலிருந்து மீட்க வேண்டும் என்று சங்கம் நினைத்தது. ஊரில் வங்கிகள் இருந்தன. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத ஏழைப் பெண்கள் அங்கே போய்க் கணக்கு வைப்பது எளிதாக இல்லை. அதனால் நமக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்று பெண்கள் முடிவு செய்தார்கள்.

வங்கி தொடங்கப் பணம்? சுமார் 4,000 பெண்கள் ஆளுக்கு 10 ரூபாய் போட்டார்கள். 40,000 ரூபாய் சேர்ந்தது. இன்னொரு தடையும் வந்தது. வங்கியைப் பதிவு செய்ய உறுப்பினர்கள் கையெழுத்துப் போட வேண்டும். அவர்களோ கைநாட்டு வைப்பவர்கள். அந்தப் பெண்கள் இரவெல்லாம் உட்கார்ந்து, தங்கள் பெயரை எழுதிப் பழகினார்கள். பிறகு போய்க் கையெழுத்துப் போட்டார்கள். முதன்முதலில் உங்கள் பெயரை எழுதிய நாள் உங்களுக்கு நினைவிருக்கும். அவர்களின் மகிழ்ச்சி உங்களுக்குப் புரியும்.

1974ஆம் ஆண்டு சேவா வங்கி தொடங்கியது. கணக்குப் புத்தகத்தில் பெண்ணின் புகைப்படம் ஒட்டப்பட்டது. எழுதத் தெரியாவிட்டாலும் கணக்கு யாருடையது என்று தெரிந்தது. பெண்கள் தொழிலை விட்டுவிட்டு வங்கிக்கு வருவது கடினம். அதனால் வங்கி ஆட்களே வீட்டு வாசலுக்குப் போய்ச் சேமிப்பை வாங்கி வந்தார்கள். இலா பட் 2022ஆம் ஆண்டு காலமானார். அந்த வங்கி இன்றும் நடக்கிறது.

இனி நம் கணக்குக்கு வருவோம். அந்தக் காய்கறிக்காரப் பெண் தினம் 1 ரூபாய் எடுத்து வைக்கிறார். 10 நாளில் 10 ரூபாய். இனி அவர் 50 ரூபாய் கடன் வாங்க வேண்டாம். 40 போதும். வட்டி 5 ரூபாயிலிருந்து 4 ரூபாயாகக் குறைந்துவிட்டது. குறைந்த அந்த 1 ரூபாயையும் சேர்த்து, இனி தினம் 2 ரூபாய் வைக்கலாம். அடுத்த 10 ரூபாய் 5 நாளிலேயே சேர்ந்துவிடும். இப்படியே போனால் 50 ரூபாய் முதல் அவருக்குச் சொந்தமாகிவிடும். ஒரு மாதம்கூட ஆகாது. உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. பலன் கடைசி நாளில் மட்டும் வருவதில்லை. பத்தாம் நாளே வரத் தொடங்கிவிடுகிறது. ஆனால் முதல் ஒன்பது நாள் எதுவும் மாறாதது போலத் தெரியும். பலர் அந்த ஒன்பது நாளில்தான் விட்டுவிடுகிறார்கள்.

நீங்கள் எப்படித் தொடங்கலாம்?

முதலில், எதற்காகச் சேமிக்கிறோம் என்று முடிவு செய்யுங்கள். அடகு நகையை மீட்கவா? தையல் இயந்திரம் வாங்கவா? பிள்ளையின் படிப்புக்கா? அதை ஒரு தாளில் எழுதுங்கள். எவ்வளவு வேண்டும் என்றும் எழுதுங்கள்.

இரண்டாவது, தொகையைச் சிறியதாக வையுங்கள். வேலை கிடைக்காத நாளிலும் கொடுக்க முடிகிற தொகையாக இருக்கட்டும். 20 ரூபாய் என்று தொடங்கி நாலு நாளில் நிறுத்துவதைவிட, 5 ரூபாய் என்று தொடங்கி ஆண்டு முழுவதும் வைப்பது நல்லது. தினம் 5 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 1,825 ரூபாய்.

மூன்றாவது, பணம் சேர்ந்ததும் வீட்டில் வைக்காதீர்கள். அடுக்குப்பானைப் பணம் அவசரத்துக்குக் கரைந்துவிடும். அஞ்சலகத்தில் தொடர் வைப்புக் கணக்கு இருக்கிறது. மாதம் 100 ரூபாய் கட்டினால் போதும். வங்கியில் ஜன் தன் கணக்கு தொடங்கலாம். அதில் குறைந்த இருப்பு வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மகளிர் குழுவில் இருந்தால் அங்கேயும் சேமிக்கலாம். ஊர் பேர் தெரியாதவர்கள் அதிக வட்டி தருகிறோம் என்று வந்தால் பணம் கொடுக்காதீர்கள்.

நான்காவது, பணம் கட்டியதும் கணக்குப் புத்தகத்தை வாங்கி நீங்களே படியுங்கள். தேதி சரியா? தொகை சரியா? படிப்பு உங்களுக்குத் தந்த பலம் இது.

ஒரு நாள் வைக்க முடியாமல் போகலாம். காய்ச்சல் வரும். மழை வரும். பரவாயில்லை. மறுநாள் வழக்கமான தொகையை வையுங்கள். விட்டதைச் சேர்த்து வைக்கப் போராட வேண்டாம். நிறுத்தாமல் இருந்தால் போதும்.

இன்று வீட்டுக்குப் போனதும் அந்தத் தாளை எழுதுங்கள். முதல் ரூபாயை இன்றே எடுத்து வையுங்கள். அடுத்த கூட்டத்துக்குத் தாளையும் கொண்டு வாருங்கள். எவ்வளவு சேர்ந்தது என்று சேர்ந்து கூட்டிப் பார்ப்போம்.