முறிவை ஆராய முன்வாருங்கள்



இம்மாநாட்டுக்குத் தலைமை ஏற்று ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடி வருவோரில் பலர் புதுப் பொருள் ஒன்றை உருவாக்கவே ஆசைப்படுகிறார்கள். அது எப்போது, எப்படி உடையும் என்று கேட்க முன்வருவோர் குறைவு. அந்தக் கேள்வியில்தான் இன்று ஆய்வுக்கு விரிந்த களம் இருக்கிறது.

இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் பணியாற்றிய கிரிஃபித் என்ற பொறியாளர், கணக்குப்படி தாங்க வேண்டிய சுமைக்கு வெகுமுன்பே கண்ணாடி ஏன் உடைகிறது என்று கேட்டார். நுண்விரிசல்களே காரணம் என்று 1921-இல் வெளிவந்த கட்டுரையில் நிறுவினார். விரிசல் நான்கு மடங்கு நீண்டால், தாங்கும் தகைவு பாதியாகிவிடும். விமானங்களும் இதற்கு விலக்கல்ல. 1954-இல் காமெட் என்ற ஜெட் பயணிகள் விமானங்கள் இரண்டு வானிலேயே சிதறின. அதே ஃபார்ன்பரோவில் இன்னொரு காமெட்டின் உடலை நீர்த்தொட்டியில் வைத்து, அழுத்தத்தை ஏற்றி இறக்கிச் சோதித்தார்கள். பறந்தபோது ஏற்பட்டவற்றையும் சேர்த்துச் சுமார் 3,000 அழுத்தச் சுற்றுகளில் அது கிழிந்தது. சுமை மீண்டும் மீண்டும் ஏறி இறங்குவதால் விரிசல் வளரும் உலோக அயர்வு எவ்வளவு ஆபத்தானது என்பதை அது உலகுக்கு உணர்த்தியது.

இன்றைய பொருள்கள் புதியவை, கேள்வி மாறவில்லை. இந்தியாவின் தேஜஸ் போர் விமானக் கட்டமைப்பின் எடையில் சுமார் 45 சதவீதம் கூட்டுப்பொருள்கள். பராமரிப்பின்போது கைதவறி ஒரு ஸ்பேனர் இறக்கைமேல் விழுந்தால் வெளியே கீறல்கூடத் தெரியாமல் போகலாம். உள்ளே கூட்டுப்பொருளின் அடுக்குகள் பிரிந்திருக்கலாம். அந்தப் பிரிவு எந்தச் சுமையில் பரவும் என்று முன்கூட்டிச் சொல்வது இன்றும் எளிதல்ல. முப்பரிமாண அச்சு முறையில் உருவாக்கும் உலோகத்தில், சரியாக உருகிச் சேராத சிறு வெற்றிடத்திலிருந்தே அயர்வு விரிசல் தொடங்கிவிடலாம். கல்பாக்கம் அதிவேக ஈனுலையின் வடிவமைப்பு ஆயுள் 40 ஆண்டுகள். சூட்டிலும் சுமையிலும் எஃகு மெல்ல மெல்ல நீள்வதைச் சில ஆண்டுச் சோதனையில் அளந்து, 40 ஆண்டுக்குக் கணிக்க வேண்டியிருக்கிறது. இவை ஒவ்வொன்றிலும் பல முனைவர் பட்டங்களுக்கு வேலை இருக்கிறது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சோதனை முடிந்ததும் உடைந்த துண்டைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். மின்னணு நுண்ணோக்கியில் அதன் முறிவு முகத்தைப் பாருங்கள். அயர்வால் முறிந்த உலோகத்தில், சுமை ஏறி இறங்க விரிசல் நகர்ந்த தடம் பெரும்பாலும் வரிவரியாகப் பதிந்திருக்கும். வரிகளின் இடைவெளியை அளந்தால் விரிசலின் வேகம் தெரியும். விரிசல் வந்த திசையில் பின்னோக்கிப் போனால் அது தொடங்கிய இடம் தெரியும்.

நெறியாளர்களுக்கும் ஒன்று சொல்வேன். ஒரே பொருளின் பத்து மாதிரிகள் பத்து விதமாக உடைந்தால், அந்தச் சிதறலைப் பிழையென்று ஒதுக்கச் சொல்லாதீர்கள். பாதுகாப்பின் அளவை முடிவுசெய்வது பலவீனமான மாதிரிதான். அது ஏன் முதலில் உடைந்தது என்பதே நல்லதோர் ஆய்வேடாகும். ஆய்வகங்கள் இத்தகைய தரவுகளைத் தங்களுக்குள் பகிரும் வழியை இம்மாநாடு வகுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, அமர்வுகளைத் தொடங்கி வைக்கிறேன்.