எனக்குன்னு ஒரு மணி நேரம்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



எனக்கு ஊர் கானாடுகாத்தான். பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கேன். இந்த மேடையில் ஆடு வளர்த்ததை, ஊறுகாய் போட்டதை, கடனை அடைச்சதைப் பேசுவாங்க. நான் பேசப்போறது ஒரு பைசா வருமானம் இல்லாத விஷயம். போன் வழியா வாட்டர் கலர் படம் வரையக் கத்துக்கிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் 3 மணிக்கு வகுப்பு. மொத்தம் 8 வாரம், 600 ரூபாய். குழுக் கடனில் கை வைக்கலை. பால் ஊத்துன காசுல மிச்சம் பிடிச்சேன். ஆனாலும் குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா, "இதுல உனக்கு என்னடி லாபம்?"னு கேட்டாங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. வீட்டில் அத்தை, "பிள்ளை கிறுக்குறதை நிப்பாட்டிருச்சு, இவ ஆரம்பிச்சுட்டா"ன்னாங்க.

முதல்ல மகளோட டிராயிங் நோட்டில் வரைஞ்சேன். தண்ணி பட்டதும் தாள் அப்பளம் மாதிரி நெளிஞ்சுபோச்சு. 300 ஜிஎஸ்எம் கனமுள்ள தாள் வாங்கணும்னு அப்புறம்தான் தெரிஞ்சது. முதல் கலர் காயறதுக்குள்ளே அடுத்ததை வெச்சா ரெண்டும் கலங்கிடும். வெளிர் கலர் முதல்ல, அடர்த்தியானது கடைசியில. வெள்ளை வேணுங்கிற இடத்துல கலரே போடாமத் தாளை அப்படியே விட்டுடணும்.

அதைக் கேட்டதும் நம்ம ஊர் செட்டிநாட்டு வீட்டுச் சுவர் நினைப்புக்கு வந்துச்சு. சுண்ணாம்போட முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசித் தேய்ச்ச சுவர். கல்யாணமாகி வந்த நாள்லருந்து அந்த வீடுகளைத் தாண்டித்தான் ரேஷன் கடைக்குப் போறேன். ஒருநாளும் நின்னு பார்த்ததில்லை. கடைசி வாரம் ஒரு வீட்டு முகப்பை வரைஞ்சேன். பர்மா தேக்குத் தூண், திண்ணை, காலை வெயில். சுவருக்குத் தாளை வெள்ளையாவே விட்டேன்.

எங்க அத்தை 30 வருஷம் அந்த வீட்டைப் பெருக்கித் துடைச்சவங்க. படத்தைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாங்க.

"கிழக்கே பார்த்த வீடு. காலையில தூண் நிழல் உள்ளே சுவத்துல விழும். நீ தெருவுல போட்டிருக்கே. தினம் அந்த நிழலுக்குள்ள உக்காந்து துடைச்சவ நான், எனக்குத் தெரியாதா?"

அத்தை சொன்னது சரி. மறுபடி வரைஞ்சேன். அன்னிக்கு ராத்திரி அந்த வீட்டுக் கதையெல்லாம் சொன்னாங்க. இத்தனை வருஷத்துல நான் கேட்டதே இல்லை.

வகுப்பு முடிஞ்சிருச்சு. இப்பவும் ஞாயிற்றுக்கிழமை 3 மணி ஆனா, "பாத்திரத்தை நான் விளக்குறேன், நீ போய் உக்காரு"ன்னு சொல்றது அத்தைதான்.

கேள்வி கேட்ட அக்காவுக்கு இப்போ பதில் சொல்றேன். காசு லாபம் ஒண்ணும் இல்லைக்கா. வீட்டுக்கும் பிள்ளைக்கும் மாட்டுக்கும் ஓடுற வாரத்துல ஒரு மணி நேரம் எனக்குன்னு கிடைச்சிருக்கு. உங்களுக்கும் பாட்டு, தையல்னு விட்டுப்போன ஆசை ஒண்ணு இருக்கும். கடன் வாங்காம, மிச்சம் பிடிச்சு ஆரம்பிங்க.