யார் கடனை யார் தள்ளுபடி செய்தது?



கொரியாக்காரனுக்கும் ஜப்பான்காரனுக்கும் உள்ள வழக்கில் தஞ்சாவூரில் நமக்கென்ன வேலை என்று வரும்போதே ஒரு தோழர் கேட்டார். வேலை இருக்கு.

1910இலிருந்து 1945 வரை கொரியா ஜப்பானின் காலனி. 1965 ஒப்பந்தத்தில் தென்கொரிய அரசு 30 கோடி டாலர் மானியமும் 20 கோடி டாலர் கடனும் வாங்கியது. பெரும்பகுதி தொழிற்சாலைக்கும் சாலைக்கும் போச்சு. சுரங்கத்துக்கு இழுத்துப்போகப்பட்டவனுக்குக் கிடைத்தது சொற்பம். கணக்கு முடிந்தது என்றது ஜப்பான். 1991இல் கிம் ஹாக்-சுன் என்ற மூதாட்டி, ஜப்பான் ராணுவம் தன்னைப் பாலியல் அடிமையாக வைத்திருந்ததை ஊரறியச் சொன்னார். 1992 ஜனவரியிலிருந்து சியோலில் ஜப்பான் தூதரகம் முன்னால் புதன்கிழமைதோறும் பெண்கள் கூடினார்கள். 2018இல் ஜப்பானியக் கம்பெனி கட்டாய உழைப்புக்கு இழப்பீடு தரவேண்டும் என்று தென்கொரிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறுவருஷமே ஜப்பான் ஏற்றுமதியை இறுக்கியது. அரசுகள் மறந்தாலும் செத்தவர்கள் மேஜையில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

இப்போ நம்ம கணக்கு. பண்ணையில் பட்ட அடிக்கும் பட்டினிக்கும் தப்பி, நாகப்பட்டினத்தில் கப்பலேறி, கங்காணி பின்னால் மலேயா ரப்பர் தோட்டத்துக்குப் போனவர்களில் நம் பறையர், பள்ளர் சனங்கள் ஏராளம். 1942இல் மலேயா ஜப்பான் கைக்குப் போனது. தோட்டத்துத் தமிழர்களை கூட்ஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய், சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட வைத்தார்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. காலராவிலும் பசியிலும் பல்லாயிரம் பேர் முடிந்துபோனார்கள். வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் வெட்டிய கல் வரிசை வரிசையாக இருக்கு. நம்மாளுக்கு எண்ணிக்கைகூட நிச்சயமில்லை. செத்த இடத்திலும் சேரி தனிதான்.

1952 ஜூன் 9 அன்று இந்திய அரசு ஜப்பானோடு சமாதான ஒப்பந்தம் செய்து, நஷ்டஈடு வேண்டாமென்று எழுதிக்கொடுத்தது. அரசின் கோரிக்கையை மட்டுமல்ல, இந்தியக் குடிமக்களின் கோரிக்கையையும் சேர்த்து. நேருவின் பெருந்தன்மை என்கிறார்கள். நான் பேங்க் குமாஸ்தா. தள்ளுபடி என்றால் யார் பேரேட்டில் உள்ள கடன் என்று முதலில் பார்ப்போம். தோட்டத்தில் தாலியறுத்தவளை யார் கேட்டார்கள்? இந்தியாவுக்கு அவள் வெளியே போனவள், மலேயாவுக்கு வெளியிலிருந்து வந்தவள். 1967இல் மலேசியா 2.5 கோடி மலேசிய டாலருக்கு ஜப்பானோடு உடன்பட்டது. அது சரக்குக் கப்பலாக வந்தது. கூலிக்காரன் பெண்டாட்டிக்குக் கப்பல் எதுக்கு?

டெல்லிக்கும் டோக்கியோவுக்கும் இடையிலும் ஞாபகம் வேலை செய்யாமலில்லை. 1958இல் ஜப்பானின் முதல் யென் கடன் இந்தியாவுக்குத்தான் வந்தது. 2007இல் அன்றைய பிரதமர் ஷின்சோ அபே நம் பார்லிமெண்டில் நீதிபதி ராதாவினோத் பாலை நினைவுகூர்ந்தார். டோக்கியோ விசாரணையில் ஜப்பானியத் தலைவர்கள் குற்றவாளிகள் அல்ல என்று எழுதியவர் அவர். யாசுகுனி கோயிலில் அவருக்கு நினைவுக்கல்லே இருக்கு. நீதிபதி மேஜைக்கு வந்துவிட்டார். கூலி வரவில்லை.

கொரிய அரசும் தானாகப் பேசிவிடவில்லை, பெண்கள் பேச வைத்தார்கள். நாகை, திருவாரூர் சேரிகளில் ‘மலேயாவுக்குப் போனவர் திரும்பவில்லை’ என்கிற குடும்பங்களை விசாரியுங்கள். பேர், ஊர், தோட்டம், போன வருஷம், நாலு வரி போதும். மாணவ நண்பர்கள் இந்த லீவிலேயே ஆரம்பிக்கலாம். நோட்டு நான் வாங்கித் தருகிறேன்.