கட்டத்துக்குள் யார்? காமிக்ஸிலும் திரையிலும் பெண்கள்

(அண்ணல் அம்பேத்கர் நினைவு நாளையொட்டிப் புன்னைக்காயலில் ஆற்றிய நினைவுப் பேருரையின் எழுத்து வடிவம்)



நினைவுப் பேருரைக்குப் படக்கதைகளைப் பொருளாக எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னதும் தோழர்கள் சிலரின் முகம் போன போக்கைப் பார்த்தேன். ஆணவக் கொலை, பஞ்சமி நிலம், இடஒதுக்கீடு என்று பேச எவ்வளவோ கிடக்கும்போது பொம்மைப் புத்தகமா? நியாயமான கேள்விதான். ஆனால் தோற்றத்தை அரசியலாகப் பார்க்க நமக்குச் சொல்லிக் கொடுத்தவரே அண்ணல்தான். 1927 டிசம்பரில், மனுஸ்மிருதியைக் கொளுத்திய அந்த மகாடு மாநாட்டின்போது, பெண்களைக் கூட்டி வைத்துப் பேசினார். சேலை கட்டும் விதமும் கனத்த வெள்ளி நகைகளும் பார்த்த கணமே உங்கள் சாதியைச் சொல்லிவிடுகின்றன, அவற்றை மாற்றுங்கள் என்றார். பெண்கள் மாற்றினார்கள். இங்கிருந்து மேற்கே போனால் தோள்சீலைப் போராட்டம் நடந்த மண். ஒரு பெண் எப்படித் தெரிய வேண்டும் என்பதை யார் முடிவு செய்வது என்பதுதான் இரண்டு இடங்களிலும் சண்டை. அதே கேள்வியைத்தான் நான் காமிக்ஸிடம் கேட்கிறேன்.

கேட்பதற்குப் பொருத்தமான ஊரும் இதுதான். ஹென்றிக் ஹென்றிக்கஸ் பாதிரியார் 1586இல் அச்சிட்ட 'அடியார் வரலாறு' இந்தப் புன்னைக்காயலில்தான் அச்சானது என்று கொள்ளப்படுகிறது. கடற்கரை மக்களுக்காக அச்சான தமிழ்ப் புத்தகம். அது எந்தச் சமயத்தைப் பரப்பியது என்பது வேறு பேச்சு. முத்துக் குளிக்கிறவர்களையும் வலை இழுக்கிறவர்களையும் மனத்தில் வைத்து, ஓலையை விட்டுத் தாளில் தமிழ் ஏறியது என்பது எனக்கு முக்கியம். அதற்கு ஏறத்தாழ 400 ஆண்டுகள் கழித்து, இங்கிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கிற சிவகாசியிலிருந்து இன்னொரு வகை மலிவுப் புத்தகம் புறப்பட்டது. 1972இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு முத்து காமிக்ஸ். 1984 ஜூலையில் லயன் காமிக்ஸ். நம் தெருக்களில் பாடப்புத்தகத்துக்கு அடுத்தபடியாக வீட்டுக்குள் நுழைந்த புத்தகம் பல பேருக்கு இவைதான். அண்ணன்மார் வாடகைக்கு எடுத்து வருவார்கள். அவர்கள் விளையாடப் போன நேரத்தில் தங்கச்சிகள் படிப்பார்கள். நானும் அப்படிப் படித்தவள்தான்.

அதற்கும் முன்னால் 'கன்னித்தீவு' இருக்கிறது. 1960 முதல் தினத்தந்தியில் வருகிறது. முடியாத எதற்கும் தமிழில் அதுதான் உவமை. எல்லாரும் சிரிப்பது அதன் நீளத்தைப் பார்த்து. நான் பார்ப்பது லைலாவை. லைலா பேரழகி, அந்த ஒரே காரணத்துக்காக மந்திரவாதி மூசா அவளைச் சின்னஞ்சிறு பதுமையாக்கிவிடுகிறான். அவளைப் பழைய உருவத்துக்குக் கொண்டுவரத் தளபதி சிந்துபாத் புறப்படுகிறான். சாகசமெல்லாம் அவனுக்கு. அவள் தூக்கிச் செல்லப்படுகிற பொருள். தமிழ்நாட்டு டீக்கடைகளில் தலைமுறை தலைமுறையாக எழுத்துக் கூட்டிப் படித்த கதையின் மூல முடிச்சு இதுதான்: பெண்ணைச் சுருக்கியாகிவிட்டது, ஆண் பயணம் போகிறான்.

இந்தப் பின்னணியில்தான் லயன் காமிக்ஸின் முதல் இதழ் எனக்கு ஆச்சரியம். 'கத்தி முனையில் மாடஸ்டி'. புதிதாக ஒரு காமிக்ஸ் தொடங்குகிறவர்கள் முகமூடி வீரனையோ கௌபாயையோ தேடாமல் ஒரு பெண்ணை முன்னிறுத்தினார்கள். தமிழ் வாசகர்கள் அவளை இன்றும் 'இளவரசி' என்கிறார்கள். கதையில் அவள் தோழன் வில்லி கார்வின் அழைக்கும் பெயர் அது.

மாடஸ்டி இளவரசி இல்லை. அகதி. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், ஈரானில் பிரிட்டிஷ் படையில் இருந்த பீட்டர் ஓ'டானல் தனியாக நடந்து வந்த ஒரு சிறுமியைப் பார்த்தார். கழுத்தில் ஒரு கயிறு, அதில் ஆணி கட்டிய ஒரு குச்சி. அவளுடைய ஆயுதம் அது. படைவீரர்கள் கொடுத்த உணவைச் சாப்பிட்டாள், ஒரு சிரிப்புச் சிரித்தாள், தன் போக்கில் நடந்து போய்விட்டாள். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு கதாநாயகியைப் படைக்க நினைத்தபோது ஓ'டானலுக்கு அந்தச் சிறுமிதான் நினைவுக்கு வந்தாள். 1963 மே மாதம் லண்டன் 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்' நாளிதழில் ஜிம் ஹோல்டவேயின் ஓவியத்தோடு தொடர் தொடங்கியது. கதையில் அவளுக்கு நாடு இல்லை, பெற்றோர் இல்லை, பெயர்கூட இல்லை. முகாமில் ஒரு முதியவரைக் காப்பாற்றுகிறாள். அவர் அவளுக்குப் படிப்புச் சொல்லிக்கொடுத்து 'மாடஸ்டி' என்று பேர் வைக்கிறார். 'பிளைஸி' என்ற பின்பெயரை அவளே தேர்ந்துகொள்கிறாள்.

மண்டபம் முகாம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் நாம். பிடிமண் இல்லாமல் வந்து இறங்கிய ஈழத்துப் பிள்ளைகளை இந்தக் கரை பார்த்திருக்கிறது. ஆணி கட்டிய குச்சியோடு நடந்த பெண் பிள்ளை நமக்கு அந்நியம் கிடையாது.

அதற்காக மாடஸ்டியை நம் தோழியாக்கிக்கொள்ள வேண்டாம். அவள் வேலை செய்வது பிரிட்டிஷ் உளவுத்துறைக்கு. அவள் அடித்து வீழ்த்துகிறவர்களில் கறுத்தவர்களும் ஆசியர்களும் அரேபியர்களும் உண்டு. ஆண்களைத் திகைக்க வைக்கத் தன் உடலையே காட்டி ஒரு கணத்தைச் சம்பாதிக்கிற உத்தியும் அவளிடம் உண்டு; அதை வரைந்தது ஆண்களின் கை, ரசித்ததும் பெரும்பாலும் ஆண்களின் கண். இருந்தாலும் அவளுக்கு ஒரு கடந்த காலம் இருந்தது, திறமை எங்கிருந்து வந்தது என்பதற்குக் கதை இருந்தது. வில்லியோடு அவளுக்கு இருந்தது காதல் கலக்காத தோழமை. ஆணும் பெண்ணும் சேர்ந்து வேலை செய்தாலே கதை கட்டுகிற ஊரில், அது சின்ன விஷயமில்லை.

1966இல் படம் வந்தது. ஜோசப் லோசி இயக்கம், மோனிகா விட்டி நாயகி. திரைக்கதையை முதலில் எழுதியவர் ஓ'டானல்தான். அதைப் பலர் கைவைத்து மாற்றியதில் அவர் எழுதியது ஏறக்குறைய எதுவுமே மிஞ்சவில்லை. தன் கதையை அவர் நாவலாக்கி 1965இலேயே வெளியிட்டுவிட்டார். படத்தில் மாடஸ்டியின் கூந்தல் நிறமும் உடையும் கண் இமைக்கும் நேரத்தில் மாறுகின்றன. அவளும் வில்லியும் காதல் பாட்டுப் பாடுகிறார்கள். அகதிச் சிறுமி காணாமல் போய்விட்டாள். மெக்கார்த்தி காலத்தில் அமெரிக்காவில் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டு, வேலை இல்லாமல் நாட்டை விட்டு வந்தவர் லோசி. நாடிழந்தவளின் கதையை நாடிழந்த ஒருவர் கையில் கொடுத்தும் இதுதான் நடந்தது. தனிமனிதர் நல்லவரா கெட்டவரா என்று பார்த்துப் பயனில்லை என்று இதற்குத்தான் சொல்கிறேன். திரைக்குப் போகும்போது பணம் பெருகுகிறது, முதல் போட்டவர்கள் பெருகுகிறார்கள், எல்லாருக்கும் பிடிக்க வேண்டும் என்ற கவலை பெருகுகிறது. அப்போது முதலில் கழற்றிப் போடப்படுவது பெண்ணின் கடந்த காலம். (2004இல் 'மை நேம் இஸ் மாடஸ்டி' என்று ஒரு சிறிய படம் அவளுடைய பழைய கதையைத் தொட்டது. அது தியேட்டருக்கே ஒழுங்காக வரவில்லை.)

நம் சூழலில் இது இன்னும் கூர்மையாக வெட்டும். கடந்த காலம் என்றால் இங்கே என்ன? எந்தத் தெரு, அம்மா என்ன வேலை பார்த்தாள், எந்தக் குழாயில் தண்ணீர் பிடித்தாள் என்பது. அதை எடுத்துவிட்டால் சாதி தெரியாத பெண் கிடைப்பாள். சாதி தெரியாத பெண்ணுக்குத் திரை எந்த நிறத்தைக் கொடுக்கிறது என்று உங்களுக்கே தெரியும். 1967இல் தொடங்கிய அமர் சித்திரக் கதைகளைப் புரட்டிப் பாருங்கள்: தேவியும் அரசியும் வெளிர் நிறம், அரக்கியும் அரக்கனும் கருப்பு. பிறகு வந்த தொலைக்காட்சிப் புராணத் தொடர்கள் இந்த நிறப் பங்கீட்டைக் கூச்சமில்லாமல் தொடர்ந்தன. அதே வரிசையில் 1979இல் பாபாசாகேப் பற்றிய இதழும் வந்தது. அவரைச் சேர்த்துக்கொண்டதால் அந்த வண்ணப்பெட்டி மாறிவிடவில்லை.

தமிழ்த் திரைக்கு வருவோம். காமிக்ஸை நடுவில் வைத்த படம் என்றால் 2023இல் வந்த 'மாவீரன்'. மடோன் அஸ்வின் இயக்கியது. எனக்குப் பிடித்த படம். அதனாலேயே அதோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது. நாயகன் நாளிதழில் படக்கதை வரைகிறவன். குடிசைப் பகுதியிலிருந்து அகற்றப்பட்டு, தொட்டால் உதிரும் அடுக்குமாடிக்கு அனுப்பப்பட்ட குடும்பம். 2021இல் புளியந்தோப்பு கே.பி. பூங்கா குடியிருப்பில் சுவர்ப் பூச்சு கையோடு வந்ததை நாம் செய்தியில் பார்த்தோமே, அந்த உலகம். இதில் தொடக்கத்திலிருந்தே தட்டிக் கேட்கிறவள் அம்மா. சரிதா நடித்த ஈஸ்வரி. மகன் பயந்தாங்கொள்ளி, அனுசரித்துப் போகச் சொல்கிறவன். ஆனால் படக்கதையின் வீரக் குரல் வானத்திலிருந்து யாருக்குக் கேட்கிறது? மகனுக்கு. ஏற்கெனவே தைரியமாக இருப்பவளுக்குக் குரல் தேவையில்லை என்று நீங்கள் சொல்லலாம். அப்படியானால் கதை ஏன் அவள் பின்னால் போகவில்லை? குழாயடியிலும் அலுவலக வாசலிலும் நம் அம்மாமார் போடுகிற சண்டைக்குத் திரையில் 'வாயாடி' என்று பேர். அதே சண்டையை மகன் போட்டால் 'மாவீரன்'.

பெண் சித்திரிப்பை அளக்க உலகம் முழுக்கப் பயன்படுத்துகிற ஓர் அளவுகோல் காமிக்ஸிலிருந்துதான் வந்தது. 1985இல் அலிசன் பெக்டெல் வரைந்த ஒரு துண்டுப் படக்கதையில் ஒரு பெண் சொல்கிறாள்: படத்தில் இரண்டு பெண்களாவது இருக்க வேண்டும், அவர்கள் ஒருவரோடொருவர் பேச வேண்டும், பேச்சு ஆணைப் பற்றி இல்லாமல் இருக்க வேண்டும். எளிய சோதனை. நம் படங்களில் பெரும்பாலானவை அதிலேயே விழுந்துவிடும். ஆனால் சமூகவியல் படித்தவள் என்ற முறையில் எனக்கு அது போதவில்லை. வீட்டுக்கார அம்மாவும் வேலைக்காரப் பெண்ணும் பாத்திரம் தேய்ப்பதைப் பற்றிப் பேசினாலும் தேறிவிடும். அவர்களில் யார் தரையில் உட்கார்ந்திருக்கிறாள் என்று அந்தச் சோதனை கேட்பதில்லை. நான் மாணவர்களிடம் கூடுதலாக ஒன்று கேட்கச் சொல்வேன்: அவள் கை என்ன வேலை செய்துகொண்டிருக்கிறது, அந்த வேலையை வரைந்தவருக்கு அது தெரியுமா?

இந்த மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆறுமுகநேரி தொடங்கித் தூத்துக்குடி வரை உப்பளம். விடியுமுன்னே இறங்கி, வெயில் ஏறி உப்பு கண்ணாடியாய்க் கண்ணைக் குத்துகிற வரை சுமக்கிறவர்களில் பாதிக்கு மேல் நம் பெண்கள் என்பதைப் போய்ப் பார்த்தவர் எவரும் மறுக்க மாட்டார். பாதம் வெடித்திருக்கும், கண் மங்கியிருக்கும். ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' அவர்களைப் பற்றியது. ஸ்ரீதர கணேசனின் 'உப்பு வயல்' இருக்கிறது. நாவல் வந்துவிட்டது. படக்கதையில் அவளை நான் பார்த்ததில்லை. சிவகாசி அச்சகங்களில் தாளை மடித்து, அடுக்கி, பைண்டிங் செய்கிற பெண்களையும் பார்த்ததில்லை. இரும்புக்கை மாயாவி அவர்கள் கை வழியாகத்தான் நம் கைக்கு வந்திருப்பான்.

வேறு மாதிரி நடந்ததும் உண்டு. ஈரானைச் சேர்ந்த மர்ஜான் சத்ரபி தன் சிறுவயதைத் தானே வரைந்தார், 'பெர்சபோலிஸ்' என்று. தமிழிலும் வந்திருக்கிறது. 2007இல் அது படமானபோது இன்னொருவரோடு சேர்ந்து தானே இயக்கினார். கையால் வரைந்த கறுப்பு வெள்ளை பெரும்பாலும் அப்படியே நின்றது. சிறுமிக்கு யாரும் கூந்தல் நிறத்தை மாற்றவில்லை. அவளுடைய பாட்டியும் திரைக்கு வந்தாள், புத்தகத்தில் இருந்த அதே கறார் வாயோடு.

இந்தியாவில் எனக்கு நெருக்கமானது 2011இல் நவயானா வெளியிட்ட 'பீமாயணம்'. அண்ணலின் வாழ்க்கை. வரைந்தவர்கள் பர்தான் கோண்டு ஓவியர்கள் துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும். கோண்டுப் பெண்கள் வீட்டுத் தரையிலும் சுவரிலும் போடுகிற திக்னா கோலங்கள் அதன் பக்கங்களைப் பிரிக்கின்றன. கட்டம் போட்டு வரைய இவர்கள் மறுத்துவிட்டார்கள். ஆட்களைப் பெட்டிக்குள் அடைத்தால் மூச்சு முட்டும் என்பது அவர்கள் வாதம். கனிவாகப் பேசுகிறவர்களின் பேச்சு பறவை வடிவக் குமிழில் வரும். சாதிவெறியோடு பேசுகிறவர்களின் குமிழுக்குத் தேள் கொடுக்கு. கதாநாயகன் ஆண்தான். ஆனாலும் ஒரு ஆதிவாசிப் பெண்ணின் கை எங்கே வேலை செய்திருக்கிறது என்பது ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. அதனால்தான் இந்தப் புத்தகத்தை யாராவது படமாக்குவதாகச் சொன்னால் என் முதல் கேள்வி 'அந்தத் தேள் கொடுக்கு இருக்குமா' என்பதாக இருக்கும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இதே கூடத்தில் ஓவிய அமர்வு. தாளும் கறுப்பு மையும் மேசையில் இருக்கின்றன. உப்பளத்தில் வேலை பார்க்கிற நான்கு அக்காமார் வந்திருக்கிறார்கள். இரண்டு மீன் விற்கிற அம்மாமாரும். மாணவர்கள் அவர்களிடம் கேட்டு, அவர்களுடைய ஒரு நாளை ஆறு படத்தில் வரைய வேண்டும். வரைய வருகிறது என்று அக்காமாரில் யாராவது சொன்னால் பேனாவை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். பேச்சுக் குமிழுக்கு என்ன வடிவம் என்று அவர்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள். ஸ்கேல் யாருக்கும் தரப்போவதில்லை.